சாட்டிலைட் விழுந்தா யார் காசு தரணும்?

1978 ஜனவரி 24. சோவியத் யூனியனின் காஸ்மோஸ் 954 சாட்டிலைட் கட்டுப்பாடு இழந்து கனடாவின் வடமேற்குப் பகுதியில் விழுந்தது. அதுக்குள்ள ஒரு அணு உலை இருந்தது. கதிரியக்கத் துண்டுகள் பல நூறு கிலோமீட்டருக்குச் சிதறின.

ஏன் விழுந்துச்சுன்னு கேட்டா, ஆர்பிட் கணக்கு போட்டு நாம விளக்கிடலாம். சுத்தம் பண்ற செலவு யாரோடது? நம்ம சிலபஸ்ல எந்த யூனிட்லயும் இதுக்குப் பதில் இல்ல. 1972-ல் வந்த விண்வெளிப் பொறுப்பு உடன்படிக்கையில இருக்கு: ஏவிய நாடுதான் தரணும். கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981-ல் 30 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள்.

ஆக, ஒரு ஸ்பேஸ் மிஷன்ல என்ஜினியரிங் ஒரு பகுதிதான். மீதியையும் சொல்லித்தர ஒரு இடம் வேணும்னு மூணு பேர் யோசிச்சாங்க.

மூணு இளைஞர்கள், ஒரு யுனிவர்சிட்டி

பீட்டர் டயமண்டிஸ், டாட் ஹாலி, பாப் ரிச்சர்ட்ஸ். 1987-ல் இன்டர்நேஷனல் ஸ்பேஸ் யுனிவர்சிட்டியை, அதாவது ஐ.எஸ்.யு.வை, ஆரம்பிச்சப்போ மூணு பேருக்குமே இருபதுகள்தான் வயசு. அடுத்த வருஷமே எம்.ஐ.டி.யில் முதல் கோடைக்கால வகுப்பு நடந்தது. 21 நாடுகளிலிருந்து 104 பேர் வந்தார்கள். பனிப்போர் முடியாத காலம் அது. இப்போ இதன் நிரந்தர வளாகம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தை ஒட்டி இருக்கு.

இங்க மாஸ்டர்ஸ் படிப்பும் உண்டு, சுமார் ரெண்டு மாசக் கோடைப் பயிற்சியும் உண்டு. பயிற்சிக்கு வர்றவங்கள்ல பலர் ஏற்கெனவே வேலையில இருக்கறவங்க: என்ஜினியர், டாக்டர், வக்கீல், மேனேஜர். முதல்ல எல்லாரும் எல்லாப் பாடத்தையும் கேட்கணும். வக்கீல் ஆர்பிட் கிளாஸ்ல உட்காரணும், என்ஜினியர் சட்ட கிளாஸ்ல உட்காரணும். அப்புறம் பல நாட்டுக்காரங்க ஒரே டீமா சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிக்கணும்.

ஜெசிகா மெயர் அடிப்படையில் பயாலஜி மாணவி. 2000-ல் ஐ.எஸ்.யு.வில் மாஸ்டர்ஸ் முடித்தார். பிறகு எம்பரர் பெங்குவின்கள் தண்ணிக்குள்ள எப்படி அவ்வளவு நேரம் மூச்சடக்குதுன்னு ஆராய்ந்தார். 2019 அக்டோபர் 18 அன்று, பெண்கள் மட்டுமே செய்த முதல் ஸ்பேஸ்வாக்கில் கிறிஸ்டினா காக்குடன் அவரும் இருந்தார்.

நமக்கு இதனால என்ன?

நம்ம காலேஜ்ல ஒரு கியூப்சாட் டீம் ஆரம்பிக்கறோம்னு வைங்க. 10 செ.மீ. டப்பாதான். ஆன்டெனாவை இ.சி.இ. பசங்க பாத்துப்பாங்க. எந்த ஃப்ரீக்வென்சியில பேசும்? நம்ம இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. அரசு வழியா ஐ.டி.யு.வில் பதியணும். இந்தியாவுல அனுமதி தர்றது 2020-ல் அறிவிச்ச இன்-ஸ்பேஸ் அமைப்பு. ஆயுள் முடிஞ்சா எப்படிக் கீழ வரும்? அமெரிக்காவின் எஃப்.சி.சி. 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, தாழ்வட்டப் பாதையில இருக்கற சாட்டிலைட் வேலை முடிஞ்ச 5 வருஷத்துக்குள்ள இறங்கிடணும். இதையெல்லாம் டிசைன் முடிஞ்ச பிறகு யோசிச்சா, டிசைனையே மாத்த வேண்டி வரும்.

ஒரு டீம் சொல்றது இன்னொரு டீமுக்குப் புரியலன்னா என்ன ஆகும்? 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் காட்டியது. ஒரு பக்கம் பவுண்டுல கணக்கு, இன்னொரு பக்கம் நியூட்டன்னு நினைச்சுட்டாங்க. செவ்வாயை ரொம்ப நெருங்கி, கலம் போயே போச்சு. அவங்க எல்லாருமே என்ஜினியர்கள். பேசினது ஒரே மொழி. வக்கீலும் டாக்டரும் சேர்ற டீம்ல இந்த இடைவெளி இன்னும் பெருசாத்தான் இருக்கும்.

போக முடியாதவங்களுக்கு

ஐ.எஸ்.யு. கட்டணம் நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. இந்திய மாணவர்களுக்காக கல்பனா சாவ்லா பேர்ல ஒரு உதவித்தொகை இருக்கு, விண்ணப்பிச்சுப் பாக்கலாம்.

அது கிடைக்கலன்னாலும் வழி இருக்கு. டேராடூனில் இஸ்ரோவின் ஐ.ஐ.ஆர்.எஸ். இலவச ஆன்லைன் கோர்ஸ் நடத்துது. அதே ஊரில் 1995-ல் தொடங்கின, ஐ.நா. தொடர்புள்ள மையம் ஒன்று ஆசிய பசிபிக் நாட்டவருக்குப் பயிற்சி தருது. 1967-ன் விண்வெளி உடன்படிக்கை மொத்தமே 17 பிரிவுகள்தான். ஒரு சாயங்காலத்துல படிச்சு முடிச்சிடலாம்.

அடுத்த கியூப்சாட் மீட்டிங்குக்கு ஒரு லா காலேஜ் நண்பரையும் கூப்பிடுங்க. அவர் கேக்கற முதல் கேள்விக்கே நம்மகிட்ட பதில் இருக்குமான்னு பாருங்க.