ஒரு சிறுநீரகம் போனவருக்கு முப்பதோடு முடிவதில்லை

அமெரிக்கப் படையில் இருந்து வந்து, ஒரு சிறுநீரகத்தை இழந்தவர்கள் வீட்டில் ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முன்னாள் படைவீரர் துறையின், அதாவது வி.ஏ.யின் ஊன இழப்பீட்டு முடிவுக் கடிதம். நான்காக மடித்து மருந்துச் சீட்டுகளோடு டப்பாவில் கிடக்கும். "முப்பது சதவீதம் குடுத்துட்டாங்க, அவ்வளவுதான்" என்பார்கள். அவ்வளவுதான் என்று யார் சொன்னது?

வி.ஏ.யின் ஊன அட்டவணையில் 7500 என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் குறைந்தபட்சம் 30 என்றுதான் இருக்கிறது. மிஞ்சிய சிறுநீரகத்திலும் நோய் இருந்தால், சிறுநீரகச் செயலிழப்புக்கான அளவுகோலை வைத்து மதிப்பிட வேண்டும். அது 100 வரை போகும். மிஞ்சியதைக் கெடுத்தது படைப்பணியே இல்லை, வயதான பிறகு வந்த சர்க்கரைதான் என்றாலும் கேட்கலாம். முதல் சிறுநீரகம் பணியால் போயிருந்தால், இரண்டும் பணியால் கெட்டதாகவே கணக்கிட்டுத் தரச் சட்டம் சொல்கிறது. வேண்டுமென்றே செய்த தவறால் கெட்டிருக்கக் கூடாது, அவ்வளவே. இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, ரத்த அழுத்தம். சிறுநீரகம் இல்லாதது ஒன்றே சிறுநீரகக் குறை என்றால், பணியோடு தொடர்புள்ள ரத்த அழுத்தத்துக்குத் தனி மதிப்பீடு உண்டு. வலிக்கும் அறுவைத் தழும்புக்கும் தனியாக உண்டு. ஆனால் 30-உம், தனியாகக் கிடைக்கும் 10-உம் சேர்ந்து நேராக 40 ஆகாது. மீதி 70-இல் பத்து சதவீதம் 7, மொத்தம் 37, அதை 40 ஆக்குவார்கள். இந்தக் கணக்கு தெரியாமல் "ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இனி காகிதம். முதல் வேலையாக 21-0966 படிவத்தைக் கொடுங்கள். விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற அறிவிப்பு அது. கொடுத்த தேதி ஓராண்டுக்கு உங்களுக்காக நிற்கும்; பாக்கிப் பணம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் சேரட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தால் ஆறு மாதப் பணம் போனது போனதுதான். அந்த ஓராண்டுக்குள் 21-526ஈஇசட் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கான கூடுதல் தொகைக்கு 21-686சி. முப்பது சதவீதத்திலிருந்து அது கிடைக்கும், கேட்டால்தான் கிடைக்கும்.

பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர் எழுதித் தர வேண்டும். "இருக்கலாம்" என்று எழுதினால் பயனில்லை. "அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நாட்" என்ற சொற்கள், அதாவது பாதிக்குப் பாதியாவது வாய்ப்புண்டு என்பது, அதற்கான காரணத்தோடு இருக்க வேண்டும். 1953 ஆகஸ்ட் முதல் 1987 டிசம்பர் வரை கேம்ப் லெஜூன் படைத்தளத்தில் முப்பது நாளாவது பணியில் இருந்து, சிறுநீரகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்தத் தொடர்பு ஏற்கெனவே ஊகித்துக்கொள்ளப்படுகிறது. குப்பை எரிகுழிப் புகை சூழ்ந்த போர்முனைகளில் இருந்தவர்களுக்கும் 2022-இன் பாக்ட் சட்டம் அதே சலுகையைத் தருகிறது.

வி.ஏ. வைக்கும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். பரிசோதகர் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார் என்று ஒருவர் என்னிடம் புலம்பினார். ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எங்கே என்றேன், வீட்டில் இருந்தன. சிறுநீரகம் வடிகட்டும் திறனைச் சொல்லும் ஜி.எஃப்.ஆர். எண் மூன்று மாதமாவது தொடர்ந்து குறைவாக இருப்பதைக் காட்டும் தாள்கள்தான் உங்கள் சாட்சி. கையில் கொண்டு போங்கள்.

முடிவு தவறு என்றால் எதிர்த்துக் கேட்கக் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டு. திரும்பச் சொல்கிறேன், ஓராண்டு. புதிய ஆதாரம் இருந்தால் 20-0995; இதை மட்டும் ஓராண்டுக்குப் பிறகும் கொடுக்கலாம், ஆனால் பழைய தேதி நிற்காது. இருக்கும் ஆதாரத்தையே மூத்த அதிகாரி பார்க்க வேண்டும் என்றால் 20-0996. மேல்முறையீட்டு வாரியத்துக்கு 10182.

முதல் விண்ணப்பத்துக்கு யாரும் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வரும் பணத்தில் பங்கு கேட்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கவுண்டியின் முன்னாள் படைவீரர் சேவை அலுவலர் இலவசமாகச் செய்து தருவார். 21-22 படிவத்தில் அவர் சார்ந்த அமைப்பைப் பிரதிநிதியாக நியமித்துவிட்டு, அந்த டப்பாவோடு இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள்.