கைப்பழக்கமும் கருவிப் புதுமையும்

கருவி மாறும்போது கையும் மாறவேண்டியிருக்கின்றது. ஏட்டில் எழுத்தாணி கொண்டு எழுதிப் பழகிய கை, காகிதத்துக்கும் பேனைக்கும் வந்தபோது தன் அழுத்தத்தைக் குறைக்கப் பழகிற்று. இன்று கணனியின் முன் அமர்வோருக்கும் அத்தகைய நிலையொன்று நேர்கின்றது.

மவுஸ் என்றும் சுட்டி என்றும் நாம் வழங்கும் சிறு கருவியில் இரு பொத்தான்களும் அவற்றினிடையே ஒரு சிறு சில்லும் இருப்பது வழக்கம். தொடுகையை உணரும் புதிய சுட்டியிலோ இவை வெளியே தெரிவதில்லை. வழவழப்பான முதுகொன்றே உண்டு. அதன்மேல் விரலைத் தடவினால் திரையிலே பக்கம் நகர்கின்றது. பழையதை நீக்கி இதனைக் கைக்கொள்வோர் முதல் நாளிலேயே சலிப்படைவதுண்டு. சும்மா வைத்த விரல் சற்றே அசைந்தாலும் படித்துக்கொண்டிருந்த பக்கம் ஓடிவிடுகின்றது. இது கருவியின் குறையா, கையின் பழக்கமின்மையா? இவ்வினாவுக்கு விடைகாணச் சுட்டியின் பிறப்பு வரலாறே துணைசெய்கின்றது.

மரக்கட்டையிற் பிறந்த கருவி

கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் கொண்ட கருத்துக்கு, 1964இல் அவருடைய சகபாடி பில் இங்லிஷ் உருவங் கொடுத்தார். குடைந்தெடுத்த மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சில்லுகள், மேலே ஒரேயொரு பொத்தான். கட்டையை மேசைமீது நகர்த்தும்போது ஒரு சில்லு குறுக்கசைவையும் மற்றையது நெட்டசைவையும் அளந்தன. வால்போல் நீண்ட கம்பியினால் அதற்கு எலியின் பெயர் வாய்த்தது. அப்பெயரை முதலில் இட்டவர் யாரென்பது அக்குழுவினருக்கே நினைவில் இருக்கவில்லை.

அக்குழுவினர் தங்கள் படைப்பை ஏனைய கருவிகளோடு ஒப்பிட்டுச் சோதித்து, முடிவுகளை 1967இல் வெளியிட்டனர். திரையைத் தொட்டுக் காட்டும் ஒளிப்பேனை, கைப்பிடிக் கோல், மேசையின் கீழ் முழங்காலால் இயக்கும் பொறி ஆகியன போட்டியில் நின்றன. பழக்கமில்லாதவர்கள் ஒளிப்பேனையையும் முழங்காற் பொறியையுமே சிறப்பாகக் கையாண்டனர். பழகியவர்களின் கையிலேதான் சுட்டி விரைவிலும் திருத்தத்திலும் முன்னின்றது. முதல் நாட் பரீட்சையொன்றை மட்டுமே நம்பியிருந்தால் சுட்டி அன்றே கைவிடப்பட்டிருக்கலாம். இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

ஆயினும் எதனையும் பழகிக்கொள்ளலாம் என்று கூறி அமைதல் இயலாது. 1968 டிசம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவிலே எங்கல்பார்ட் தம் கணனி முறையைச் செய்துகாட்டியபோது, வலக்கையிற் சுட்டியும் இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையும் இருந்தன. பல விசைகளை ஒருங்கே அழுத்தி எழுத்துக்களைப் பதிக்கும் பலகை அது. அதற்கு நீண்ட பயிற்சி வேண்டியிருந்தது. சுட்டி உலகெங்கும் பரவிற்று. ஐவிசைப் பலகையோ வழக்கொழிந்தது. கற்கும் உழைப்புக்குத் தக்க பயன் கிட்டினாலன்றி மக்கள் ஒரு கருவிக்குத் தம் கையை ஒப்புக்கொடுப்பதில்லை.

விரலறியும் முதுகு

பின்னர் வந்த மாற்றங்கள் பல கையிடம் பெரிதாக எதனையும் வேண்டவில்லை. சில்லுகளுக்குப் பதிலாக உருண்டை வந்தது. உருண்டையைக் கழற்றி உள்ளே சேர்ந்த அழுக்கைச் சுரண்டிய அனுபவம் கணனிக்கூட மாணவர் பலருக்கு உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1996இல் வெளியிட்ட சுட்டியாற் பக்கத்தை உருட்டும் சில்லு பரவலாயிற்று. 1999இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஒளிச்சுட்டி, மேசைப்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை படம்பிடித்துத் தன் அசைவை அறிந்தது. அழுக்கெடுக்கும் தொல்லை நீங்கிற்று. கை புதிதாக எதையும் கற்கவேண்டியிருக்கவில்லை.

தொடுகைச் சுட்டி அவ்வாறன்று. அப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட மைட்டி மவுஸ் என்பதில் இடவலப் பொத்தான்கள் மறைந்து, மூடியின்கீழ் விரலுணரிகள் அமைந்தன. வலப்பக்கம் அழுத்தும்போது இடப்பக்க விரலைத் தூக்கியாகவேண்டும். 2009இல் வந்த மஜிக் மவுஸில் முதுகு முழுவதுமே தொடுகையை உணர்ந்தது. மெல்லிய மூடியின்கீழ் மின்வாய்கள் நிரை நிரையாக உள்ளன. மின்கடத்தும் விரல் அணுகும்போது அவற்றின் மின்கொள்ளளவு மாறுபடுகின்றது. அம்மாற்றத்திலிருந்து விரல் எங்குள்ளது, எத்திசையில் நகர்கின்றது என்பதைக் கருவி கணித்தறிகின்றது.

இதனால் விளையும் நன்மை மெய்யானது. நீண்ட நூலையோ அகன்ற படத்தையோ எத்திசையிலும் வழுக்கி நகர்த்தலாம். ஹார்மோனியத்தின் கட்டைக்கும் வீணையின் நரம்புக்கும் உள்ள வேற்றுமையை இங்கே காண்கிறோம்: முன்னையது படிப்படியாகச் செல்ல, பின்னையது இழைந்து செல்கின்றது. இழப்பும் மெய்யானதே. சில்லின் பற்கள் ஒவ்வொன்றாக விரலுக்குச் சொன்ன கணக்கு இங்கில்லை. கை நடுங்கும் முதியவருக்கும், ஓய்வாக விரலை வைத்திருக்க விரும்புவோருக்கும், பொத்தானின் விளிம்பைத் தடவி இடமறிபவருக்கும் அவ்வழவழப்பு துணையாவதில்லை. தோற்றப் பொலிவுக்காகப் பயன் பின்தள்ளப்பட்ட இடங்களும் உள. 2015இல் வந்த மஜிக் மவுஸின் மின்னேற்றத் துளை அதன் அடிவயிற்றிலே அமைந்தது. மின்னேறும்வரை அதனைப் பயன்படுத்த இயலாது. 2024இல் இணைப்பு முறை மாறியபோதும் துளை இடம்பெயரவில்லை.

ஆதலின், புதிய சுட்டியை முதல் நாட் சலிப்புக்காக ஒதுக்குவதும் தவறு. புதியது என்பதற்காக மட்டும் போற்றுவதும் தவறு. உருளும் வேகத்தை அமைப்புகளிற் குறைத்துக்கொண்டு, சில நாட்கள் நம் அன்றாட வேலையிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். கைக்குக் களைப்பு மிகுகின்றதா, குறைகின்றதா என்பதையே அளவுகோலாகக் கொள்ளலாம். 1967ஆம் ஆண்டு ஆய்வாளரும் களைப்பையும், கை கருவியை எட்டிப்பிடிக்கும் எளிமையையும், வேகத்தோடு சேர்த்துக் கருதவேண்டியவையாகக் கொண்டனர். பழகிய பின்பும் கை களைக்குமானால், பழைய சில்லுக்குத் திரும்புவதில் எவரும் நாணவேண்டியதில்லை.