தேனடைச் சுவர் தடுக்காத சத்தம்

2008ஆம் ஆண்டு இறுதியில் எமிரேட்ஸ் விமானிகள் சிலர், புதிய ஏர்பஸ் ஏ380 விமானம் அளவுக்கு மீறி அமைதியாக இருப்பதால் தூங்க முடியவில்லை என்று புகார் சொன்னார்கள். அவர்களுடைய ஓய்வறை விமானத்தின் பின்பகுதியில், பயணிகளுக்கு அருகில் இருந்தது. முன்பெல்லாம் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிப்போன குழந்தை அழுகையும் கழிப்பறைச் சத்தமும் அழைப்புமணியும் இப்போது தடுப்புச் சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டன.

அத்தகைய தடுப்புகள் பெரும்பாலும் தேனடைப் பலகைகள். அராமிட் தாளாலான அறுகோண அறைகளின் இருபுறமும், ஃபீனாலிக் பிசின் ஊறிய மெல்லிய கண்ணாடி இழைத் தகடுகளை ஒட்டிச் செய்கிறார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம். எரிபொருளை மிச்சப்படுத்த உதவும் இந்த இரண்டு குணங்களுமே சத்தத்துக்கு வழிவிடுகின்றன. சுவரின் எடையை இரட்டித்தால் ஒலித்தடுப்பு சுமார் 6 டெசிபல் கூடும். இலேசான பலகைக்கு அந்தப் பலம் கிடையாது. விறைப்பு செய்யும் கேடு இன்னும் பெரிது. விறைத்த இலேசான பலகையில் வளைவு அலைகள் வேகமாக ஓடும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அவை காற்றில் ஒலி செல்லும் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரை, எட்டிவிடும். அதற்கு மேல், சாய்வாக வந்து மோதும் ஒலியலை பலகையின் அலையோடு ஒத்துப்போய் எளிதாக மறுபுறம் கடந்துவிடும். சாதாரண மெல்லிய தகட்டில் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் நிகழும் இது, தேனடைப் பலகையில் பேச்சொலியின் எல்லைக்குள்ளேயே நிகழக்கூடும்.

இதைச் சமாளிக்க, இரண்டு பலகைகளுக்கு நடுவே காற்றிடைவெளி விடலாம். அதிர்வை வெப்பமாக மாற்றும் நெகிழ்படலத்தை உள்ளே வைக்கலாம். என்னை மிகவும் கவர்ந்தது 2015இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து செய்த ஆய்வு. தேனடையின் ஒரு பக்கத்தில் 0.25 மில்லிமீட்டர் ரப்பர் படலத்தை மத்தளத் தோல்போலப் பொருத்தினார்கள். அறைகள் சிறியவை என்பதால் தாழ்ந்த சுருதி ஒலிக்குப் படலம் அசைந்துகொடுப்பதில்லை. ஒலி மோதித் திரும்புகிறது. கூடிய எடை சுமார் 6 சதவீதம்தான். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுப்பு பன்மடங்கு உயர்ந்தது.

ஆனால் விமானத்துக்குள் வரும் எந்தப் பொருளும் தீச்சோதனையைத் தாண்டியாக வேண்டும். பெரிய பயணிகள் விமானங்களில் சுவர்ப் பலகை எரியும்போது வெளிவரும் வெப்பத்தின் உச்சம் சதுர மீட்டருக்கு 65 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்க விதி. ரப்பருக்கு இது கடினமான தேர்வு.

பலகையை மேம்படுத்தும் முன்பு இடுக்குகளைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. சுவரின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், எத்தனை சிறந்த பலகையானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. பறக்கும்போது காற்றழுத்தத்தால் விமான உடல் சற்று விரிவதால் தடுப்பை இறுக்கி முடுக்கவும் வழியில்லை. தரையிலும் கூரையிலும் பக்கவாட்டிலும், உடலோடு சேர்ந்து அசையும் மென்மையான அடைப்பு வேண்டும்.