ஒரு பைசா எங்கே போகுது? ‘இன்ட்’ செய்யும் வேலை இது!

பீங்கான் பொருட்களுக்குப் பேர் போன ஊர் விருத்தாசலம். மங்களூரில் இருக்கும் ஒருவர் அங்கே அகல் விளக்கு வாங்கி, ஒன்று 19 ரூபாய் 99 பைசா என்று ஆன்லைனில் விற்பதாக வைத்துக்கொள்வோம். ரேஸர்பே போன்ற பேமென்ட் கேட்வேக்கள் தொகையை ரூபாயில் வாங்குவதில்லை. பைசாவில், முழு எண்ணாகக் கேட்கும். 100-ஆல் பெருக்கினா 1,999, அவ்வளவுதானே?

பைத்தானில் பெருக்கிப் பாருங்க. 1998.9999999999998 என்று வரும். காரணம், கம்ப்யூட்டர் இந்த வகை எண்களை இரண்டின் அடுக்குகளாகச் சேமிக்கிறது. அதில் 19.99-ஐத் துல்லியமாக எழுதவே முடியாது; நாம் மூன்றில் ஒன்றை 0.333 என்று இழுத்துக்கொண்டே போவது மாதிரிதான். இதன்மேல் ‘இன்ட்’ போட்டால் கிடைப்பது 1,998. ‘இன்ட்’ பக்கத்து முழு எண்ணைத் தேடாது, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிடும்.

ஒரு பைசாதானே என்று விட முடியாது. கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தையில் 1982-ல் 1,000 புள்ளிகளில் தொடங்கிய குறியீட்டை, ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசமத்துக்குப் பிறகு வெட்டியே கணக்கிட்டார்கள். 1983 நவம்பரில் அது சுமார் 525-க்கு இறங்கியிருந்தது. சரியாகக் கணக்கிட்டபோது சுமார் 1,099!

சரி, ‘ரவுண்ட்’ போட்டுக்கலாமா? விளக்குக்கு ஓகே, 1,999 வந்துவிடும். வரிக்குத்தான் சிக்கல். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவுப்படி, 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய். அதாவது 102.50 என்றால் 103. ஆனா பைத்தான் 3-ல் ‘ரவுண்ட்’ 102 என்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளுவது அதன் வழக்கம். ஜாவாஸ்கிரிப்டின் ‘மேத் ரவுண்ட்’ 103 தரும். ஒரே பில்லுக்கு இரண்டு பதில்!

ஜாவாஸ்கிரிப்டும் லேசுப்பட்டதல்ல. “1,250” என்று கமாவோடு வரும் எழுத்தை அதன் ‘பார்ஸ்இன்ட்’டிடம் கொடுத்தால், சத்தமே இல்லாமல் 1 என்று திருப்பித் தரும். பைத்தான் ‘இன்ட்’ அங்கே எரர் காட்டி நின்றுவிடும், அதுவே பரவாயில்லை.

பில்லிங் கோடு எழுதுபவர்கள் விலையை முதலிலிருந்தே பைசாவாகச் சேமிப்பது பாதுகாப்பு. வரி, தள்ளுபடிக்குப் பைத்தானில் ‘டெசிமல்’ இருக்கிறது. பாதியை மேலே ஏற்றும் விதியையும் அதிலேயே சொல்லிவிடலாம். ஒன்று மட்டும்: அதற்கு 19.99-ஐ மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்கணும். வெறும் எண்ணாகக் கொடுத்தால் பழைய பிழையும் கூடவே உள்ளே போய்விடும்.