அடிப்பிழையும் அச்சுப்பேதமும்

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசுகள் பலவற்றில் ஒருபுறம் நின்ற கோலத்தில் அரசனும், மறுபுறம் படுத்திருக்கும் இடபமும், அதன்கீழ்ச் ‘சேது’ என்னும் தமிழெழுத்துக்களும் காணப்படும். ஒரே வகையைச் சேர்ந்த இக்காசுகள் தம்முள் வேறுபடுவது எதனால்?

முற்காலத்தில் கீழச்சின்மேற் செப்புவில்லையை வைத்து, மேலச்சைச் சம்மட்டியால் அடித்தனர். வில்லை சற்றே விலகின் ‘து’ விளிம்புக்கு அப்பாற் போய்விடும். இருமுறை அடிபடின் உருவம் இரட்டிக்கும். இவை அடிப்பிழைகள், அவ்வொரு காசோடு ஒழிவன. அச்சோ கையாற் செதுக்கப்படுவது. பழையது தேய்ந்தபின் புதிது செதுக்குங்கால் எழுத்தின் வளைவும் இடபத்தின் திமிலும் சிறிது மாறும். அம்மாற்றம் அவ்வச்சிற் பிறந்த காசுகள் அனைத்திலும் மீளத் தோன்றும். இதுவே அச்சுப்பேதம். தேய்வாலும் களிம்பாலும் எழுத்து மறைதல் இவ்விரண்டனுள் ஒன்றும் அன்று.

ஆகவே, திருகோணமலை மாணவர் கையிற் பழங்காசு ஒன்று அகப்பட்டு, அதிற் புதுமை தோன்றின், அதே அடையாளமுடைய இரண்டாவது காசைத் தேடுதல் வேண்டும். பிழைக்காசு ஒன்றைக்கொண்டு புதியதோர் அரசனைப் படைத்தல் வரலாற்றுக்கு இழுக்கு; அச்சுப்பேதத்தைப் பிழையெனத் தள்ளுதலோ அக்கசாலை விட்டுச்சென்ற சான்றையே இழத்தலாகும்.