சரக்குக்கென ஒரு தனித்தடம்

டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் நாற்கரமும் அதன் இரு மூலைவிட்டங்களும் இந்திய ரயில் பாதையில் 16 சதவீதம்தான். நாட்டின் ரயில் சரக்கில் 58 சதவீதம் அவற்றின் மீதே ஓடியது. எக்ஸ்பிரஸ் வரும்போதெல்லாம் சரக்கு ரயில் லூப் லைனில் ஒதுங்கி நிற்கும். அதன் சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. அளவில்தான் இருந்தது. சரக்குக்குத் தனிப்பாதை போட 2006-இல் ஓர் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது.

எது போகிறது என்பதுதான் தடத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. லூதியானாவிலிருந்து சோன்நகர் வரையிலான கிழக்குத் தடம் முக்கியமாக நிலக்கரிக்கும் இரும்புக்கும் உரியது. அதில் வண்டியின் உச்ச உயரம் 5.1 மீட்டர். தாத்ரியிலிருந்து மும்பை அருகேயுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரையிலான 1,506 கி.மீ. மேற்குத் தடத்தில் அது 7.1 மீட்டர். காரணம், அங்கே கன்டெய்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காகப் போகின்றன. அமெரிக்காவில் இதற்கு நடுவே குழிந்த வேகன்கள் உண்டு. இந்தியாவின் அகலப்பாதையில் தட்டையான வேகனே போதும். ஆனால், மின்கம்பியை உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. ஹரியானாவின் சோஹ்னா அருகே ஆரவல்லி மலையில் ஏறத்தாழ 1 கி.மீ. சுரங்கமும் இந்த உயரத்துக்கே குடையப்பட்டது. 2021 ஜனவரி 7 அன்று மின்சார எஞ்சின் இழுக்க, 1.5 கி.மீ. நீளமுள்ள இரட்டை அடுக்கு ரயில் இத்தடத்தில் ஓடியது.

தண்டவாளம் போட்டதோடு திட்டம் முடிவதில்லை. சரக்கு கைமாறும் இடங்களில்தான் நேரமும் செலவும் கூடுகின்றன. அதனால் முந்த்ரா, பிபாவாவ் துறைமுகங்களிலிருந்து வரும் கிளைப் பாதைகளும் தடத்தோடு சேர வேண்டும். உள்நாட்டு முனையங்கள் நெடுஞ்சாலையை ஒட்டி அமைய வேண்டும். மருந்து, மின்னணுப் பாகம் போன்ற எடை குறைந்த, விலை கூடிய சரக்கு விமானத்தில் போகும். அதற்கு விமான நிலையம்வரை நல்ல சாலை வேண்டும். மேற்குத் தடத்தில் பாலன்பூர்–ரேவாரி இடையே சுமார் 630 கி.மீ. தூரத்துக்குப் பால் டேங்கர் லாரிகளே வேகன் மீது ஏறிப் பயணிக்கின்றன. இறங்கியதும் லாரி நேரே சாலையைப் பிடிக்கும். பாலை இடையில் மாற்ற வேண்டியதில்லை.

மேற்குத் தடத்தின் பெரும்பகுதி ஓடத் தொடங்கிய பின்னும் வைதரணாவிலிருந்து ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரையிலான நூறு கி.மீ. சொச்சம் பின்தங்கியே இருந்தது. கப்பலைத் தொடாத வரை, அந்தத் துறைமுகத்துக்கு மீதி 1,400 கி.மீ. பாதி வேலைதான்.