எலும்புகளும் சாட்சி சொல்லும்

போரில் ஆயுதமற்ற மக்களைக் கொல்வது போர்க்குற்றம். அதை நிரூபிக்கப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சியின்போது காணாமற்போனோரைத் தேட, 1984-இல் அமெரிக்க அறிஞர் கிளைட் ஸ்னோ அந்நாட்டு மாணவ மாணவியர் சிலருக்குப் பயிற்சி அளித்தார். மண்வாரி இயந்திரம் தடயங்களைக் கலைத்துவிடும். ஆகவே தூரிகையால் மண்ணை மெல்ல அகற்றி, எலும்பும் தோட்டாவும் கிடந்த இடத்தைப் படமெடுத்துக் குறித்து வைக்கக் கற்றனர்.

அதன் பயனைப் பாருங்கள்! எல் சால்வடார் நாட்டின் எல் மொசோட்டே கிராமத்தில் 1981 டிசம்பரில் இராணுவம் மக்களைக் கொன்று குவித்தது, அரசோ மறுத்தது. 1992-இல் இக்குழுவினர் அங்குள்ள தேவாலயத்தை அடுத்த கட்டடத்தில் தோண்டி, 143 பேரின் எலும்புகளை எடுத்தனர். பற்களின் வளர்ச்சி வயதைக் கூறியது: பெரும்பாலோர் குழந்தைகள். இவர்களா போர்வீரர்?

தோழியரே, பொறுமையாகக் கற்ற கல்வி, பேச இயலாதவர்க்கு நாவாகிறது.